கிளிக்கு வைத்த படையல்

நான் பயந்தவன். நீடாமங்கலத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். எந்த டப்பாவை எடுத்தாலும் பெயரைப் படிப்பதற்கு முன்னால் அதன் மேல் அச்சடித்திருக்கும் முக்கோணத்தின் நிறத்தைத்தான் பார்ப்பேன். சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் கொஞ்சம் பரவாயில்லை. இத்தனை வருஷம் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டில் சோற்றுத் தட்டைக்கூட ஒரு சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கத்தரிக்காயை மூன்று தண்ணீரில் கழுவச் சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தினமும் நடப்பது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் சிங்கப்பூர் போன மைத்துனன் தன் கிளியை விட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிறம், சிவப்பு வால், வெளிநாட்டு ஜாதி. காகிதமெல்லாம் சரியாகவே இருந்தது. “ஒரே வருஷம்தான் மச்சான்” என்றான். நான்கு வருஷம் ஆகிவிட்டது. வந்த புதிதில் தலைவலியாகத்தான் இருந்தது. ஆறு மாதம் போனபிறகு, கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது அது வாசல் பக்கம் தலையைத் திருப்பி ஒரு சீழ்க்கை அடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி வெந்த வாசனைக்கு அது கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தியது. பழம் தின்கிற ஜீவன் கறிக்கு ஏன் அலைகிறது என்று பயந்துபோனேன். தஞ்சாவூரில் பறவைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்தார். “கறி கொடுக்கலாங்க, தப்பே இல்ல. ஆனா நமக்குச் சமைக்கிற மாதிரி கொடுக்கக் கூடாது” என்றார். வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைத்த கோழிச் சதை, சுண்டுவிரல் நகம் அளவு, எப்போதாவது ஒருமுறை. உப்பு, வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் ஆகாது. பச்சைக்கறி கூடவே கூடாது. சின்ன எலும்பு சிராய் சிராயாக உடையும் என்பதால் அதை எடுத்துவிட வேண்டும். தின்றது போக மிச்சத்தைக் கூண்டில் விட்டுவைக்கக் கூடாது, நம் வெயிலில் கறி சீக்கிரம் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். கிளிக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. “புள்ள பெத்தவளுக்குக்கூட இப்படிப் பத்தியம் பார்த்ததில்ல” என்றாள் மனைவி.

அப்பா போனதற்கு அடுத்த வருஷத்திலிருந்து, அவர் போன நாளன்று வீட்டில் கறிப் படையல் போடுகிறோம். ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு. அக்கா அதிராம்பட்டினத்துப் பக்கம் வாக்கப்பட்டவள். முதல்நாளே வந்து, அடுப்படியில் யாரையும் விடாமல் அவளே சமைப்பாள். படைத்துக் கும்பிட்டதும் முதல் உருண்டையை மாடிக் கைப்பிடிச் சுவரில் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் எடுத்தால் அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இலை.

முதல் வருஷம் அக்கா வைத்தாள், காகம் வரவில்லை. நான் வைத்தேன், வந்தது. இரண்டாம் வருஷமும் அப்படியே. அக்கா மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனில் ஏதோ வார்த்தை தடித்து, “முடிஞ்சா வர்றேன்” என்று வைத்துவிட்டாள். அவள் வந்து சேர்ந்தபோது அப்பா ஐஸ் பெட்டியில் இருந்தார். அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை, அதனால்தான் தன் கையால் வைத்ததைத் தொடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம், போன வருஷம்தான், பின்னால் வயலில் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மிஷின் போகிற வழியெல்லாம் பூச்சி கிளம்பும். சுற்றுவட்டாரத்துக் காகமும் கொக்கும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. அக்கா மாடியில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. “மிஷின் ஓடுதுக்கா, அதான் வரல. செத்த பொறு” என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கீழே இறங்கிக் கொல்லைப் பக்கம் இலை அறுக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைக்கு வந்தாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. “அப்பா சாப்பிட்டுட்டாருடா தம்பி. என் கையிலேருந்து வாங்கிச் சாப்பிட்டாரு” என்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கையிலிருந்து வாங்கும் காகம் எது என்று பயந்தவனான எனக்கே அப்போது தோன்றவில்லை. உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

பாதிச் சாப்பாட்டில் தற்செயலாகக் கூடத்து ஜன்னல் பக்கம் பார்த்தேன். கிளி ஒரு காலால் எதையோ பிடித்து நெருடிக்கொண்டிருந்தது. அலகு குழம்பு பட்டுச் சிவந்திருந்தது. பிடித்திருந்தது ஆட்டு எலும்பு. படையலில் பாதியில் எழக் கூடாது என்பார்கள். எழுந்துவிட்டேன்.

“என்னக்கா குடுத்த?”

“காக்கா வரல. இதுவும் பறவதானே. கொழம்புக் கறியக் கழுவிட்டுத்தாண்டா குடுத்தேன்” என்றாள்.

எலும்பைப் பிடுங்கினேன். கிளி என் விரலைக் கடித்துக் கிழித்தது. எலும்பின் ஒரு முனை உடைந்திருந்தது, உடைந்த துண்டைக் கூண்டில் காணவில்லை. கறியோடு கூண்டில் வைத்திருந்த குழம்புச் சோற்றில் பாதி போயிருந்தது. அதில் எத்தனை சின்ன வெங்காயம், எவ்வளவு உப்பு என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கிளி தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்த அலகை எடுக்கவே இல்லை. பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியது. “மோர் ஊத்தலாமா?” என்றாள் அக்கா. டாக்டரம்மா போனில், “வாயில எதையும் ஊத்தாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே கொண்டாங்க” என்றார்.

காரை எடுத்தேன். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பின்னால் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். எங்கள் கேட் போட்டால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் லாரி, பின்னால் பஸ், திரும்பவும் வழியில்லை. கண்ணாடியில் பார்த்தால் கிளி கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் இனி திறக்காது என்று நினைத்தேன்.

“அப்பா என்ன மன்னிக்கலடா” என்றாள் அக்கா, மெதுவாக. “சாப்பிடற மாதிரி சாப்பிட்டு, இப்பக் கைய விரிச்சுட்டுப் போறாரு.”

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது. பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. “அப்பாவும் இல்ல, மன்னிப்பும் இல்ல. உப்புக்கா. வெங்காயம், எலும்பு. அவ்வளவுதான். அது கிளி. வெறும் கிளி” என்று கத்தினேன். பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அக்கா கூண்டின் மேலிருந்த வலது கையை எடுத்துவிட்டாள்.

ஒரு வழியாகக் கேட் திறந்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா, “என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு மழுப்பப் பார்த்தேன். “நான்தாங்க குடுத்தேன், படையல் சோறு” என்று அக்கா சொல்லிவிட்டாள். “கழுவித்தாங்க குடுத்தேன்.”

“கழுவினா காரம் போகும். உப்பு உள்ள ஊறியிருக்கும்ல. கறியில தப்பு இல்லங்க, குழம்புலதான் தப்பு” என்றார் அவர். எக்ஸ்ரே எடுத்தார். தீனிப்பையில் எலும்பு எதுவும் தெரியவில்லை. தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றினார். மூன்று நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த மூன்று நாளும் நான் கடை திறக்கவில்லை. எச்சத்தைப் பார்ப்பதும் எடை போடுவதும்தான் வேலை. அக்கா ஊருக்குப் போகவில்லை. ஆனால் கூண்டுப் பக்கமும் வரவில்லை. தண்ணீர் வைக்கச் சொன்னால்கூட என் மனைவியைக் கூப்பிட்டாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடந்தாள்.

நான்காம் நாள் காலை அடுப்பில் குக்கர் சத்தம் கேட்டதும் கிளி கத்தியது. டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன். “பசிச்சாக் குடுங்க. கொஞ்சூண்டு கறிகூடக் குடுக்கலாம், வெறுமன வேகவச்சு” என்றார். கோழிச் சதையை வேகவைத்து, ஆறவைத்து, நார் நாராகப் பிய்த்து, எலும்பு இருக்கிறதா என்று மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

“நீ குடுக்கா.”

“வேணாம்டா. என் கை வேணாம்.”

விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் கறியை வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள். கிளி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தது, காலால் எடுத்தது, நார் நாராகத் தின்றது. அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்தால் ஆமாம் என்று தலையாட்ட நான் தயாராக நின்றேன்.

“கிளி தின்னுருச்சு” என்றாள்.

“அப்பாதான்க்கா வாங்கிக்கிட்டாரு” என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “இல்லடா. நீதான சொன்ன, வெறும் கிளின்னு” என்றாள். கோபமே இல்லை. ஊருக்குப் போகப் பட்டுக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.