கூட்டினால் நூறு வர வேண்டும்

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். இரண்டாம் வகுப்பில் என் சிலேட்டை உடைத்துவிட்டு, "உடைச்சது நான்தான், இப்ப என்ன?" என்று எதிரே வந்து நின்றாள். ஆள் மெலிசு, பேச்சு குத்தும். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயர் மூக்கி. கோபம் எப்போதும் என் மூக்கு நுனியில் இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன? ஐம்பது வருடமாக நாங்கள் வேறு பெயரில் கூப்பிட்டுக்கொண்டதில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைகளிடம், "வலிக்கும். மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பாள். வலிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலோ என்னவோ, பிள்ளைகள் அவளிடம்தான் கையை நீட்டும்.

அவளுக்கே ரத்தத்தில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த அன்று, அவள் கணவர் அதை எடுத்துக்கொண்டு நேராக என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"இதுல நம்பரை மட்டும் மாத்திக் குடும்மா. அவ தாங்க மாட்டா."

"அவகிட்டயாண்ணே? ரிப்போர்ட் விஷயத்துலயா?"

"நீ குடுத்தா நம்புவா."

தாங்க மாட்டாதவர் அவர்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. மாற்றிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் நானே அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கஞ்சி சுட வைக்க உள்ளே போனார். அவள் கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"வெள்ளையணு வகை எல்லாத்தையும் கூட்டினா நூறு வரணும்டி மூக்கி. இங்க நூத்திப் பன்னண்டு வருது. மிச்சம் பன்னண்டு யாரோடது, உன்னோடதா?"

சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"நீயும் சொல்லலைன்னா நான் யார்கிட்டடி கேப்பேன்?"

சொன்னேன். டாக்டர் அண்ணனிடம் சொன்ன கெடு ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றாள். எனக்கும்தான் என்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார். வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள். அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வெறும் ரத்தசோகைதானாம்!"

அதன்பின் வந்த ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் எண்களை அவளே போனில் சொல்வாள், நான் அடிப்பேன். "பேராசைப்படாதே, கொஞ்சம் குறைச்சுப் போடு" என்று அதிலும் அதட்டல். பொய்யே சொல்லாதவள் ஏழு மாதம் அவரிடம் பொய் சொன்னாள். நான் வீட்டில் தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

அவள் போய்ப் பத்து நாள் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார்.

"கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாம பாத்துக்கிட்டோம், இல்லம்மா? எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

என் வாயில் எதுவும் நிற்காது என்பது தெருவுக்கே தெரியும். அவள் எவ்வளவு தைரியசாலி என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. சொல்வதற்கு இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"தெரியவே தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் ஜெராக்ஸ் மெஷின்மேல் தலையைச் சாய்த்து, ஏழு மாதமாக அவள் எதிரில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தார்.