கணக்கு டீச்சருக்கு மாலை வேண்டாம்

கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர்கள் வந்தால், தப்படித்து, மாலை போட்டு அழைத்து வருவோம். மூன்று மாதத் தவணை ஒன்று முடிந்ததும் சத்தமில்லாமல் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். டவுன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சார், டியூஷனில் இன்னொரு சார். எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி வருஷம் வெறும் கரும்பலகை. கல்வி ஆபீசில் போய்க் கேட்டால், "ஆள் போட்டோமே, நிற்கவில்லையே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடித்தது அம்மாக்கண்ணு. கொழுந்தெடுக்கிறவள், வாய்க்காரி. அவள் மகள் ஷாமிலாவுக்கு அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. மற்றப் பாடமெல்லாம் கெட்டிக்காரி. கணக்கில் விழுந்தால் உயர்தரப் படிப்பு கிடையாது, கொழும்பில் ஏதாவது துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அம்மாக்கண்ணு அதற்குச் சம்மதிக்கிற ஆள் இல்லை.

அந்த முறை வந்தவர் தனுஷிகா டீச்சர். ஹட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், சின்ன வயது. வழக்கம்போல மாலை, மேளம். அதற்குப் பிறகு அவர் பாதையில் வந்தால் எங்கள் சனம் தண்ணீர்க் கானோரம் ஒதுங்கிக் கைகட்டி நின்றது. தோட்டத்துத் துரைக்கு நின்று நின்று பழகிய உடம்பு. "சரிங்க டீச்சர்" என்பதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் விறகுக் கட்டோடு டீச்சர் குவாட்டர்ஸைத் தாண்டிப் போன அம்மாக்கண்ணு, உள்ளே டீச்சர் போனில் அழுவதைக் கேட்டாள்.

"யாருமே பேச மாட்டேங்கிறாங்கம்மா. என்னக் கண்டா ஒதுங்கிப் போறாங்க. டிரான்ஸ்பர் கேட்டு எழுதிட்டேன்."

அம்மாக்கண்ணு விறகை வாசலில் போட்டுவிட்டு நேரே உள்ளே போனாள்.

"டீச்சர், நாங்க ஒதுங்குறது மரியாதைக்குங்க."

"மரியாதை வேணாங்க. சாப்பிட்டியான்னு ஒருத்தராவது கேட்டா போதும்."

அம்மாக்கண்ணுவுக்கு இத்தனை டீச்சர்களையும் கும்பிட்டே துரத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. டீச்சரின் கையைப் பிடித்துத் தான் குடியிருந்த லயத்துக்கு இழுத்து வந்து, அடுப்படியில் பலகை போட்டு, ரொட்டியும் சம்பலும் வைத்தாள்.

மறுநாள் காலை பெரட்டில் எல்லோரும் கூடி நிற்கையில், வேலை பிரித்துக் கொடுக்கிற மாயாண்டிக் கங்காணி வாய் திறப்பதற்கு முன்னால் அவள் குரல்தான் கேட்டது.

"இனிமே டீச்சரக் கண்டு ஒதுங்குறவங்க எங்கூடப் பேச வேணாம். சாப்பிட்டீங்களான்னு கேளுங்க."

"பெரட்டுல நான்தான் பேசணும்" என்றார் மாயாண்டி.

"நீங்களும் கேக்கணும் கங்காணி."

எங்கள் சனத்துக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. டீச்சர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் லயத்துச் சனம் முழுக்கச் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டது. அந்தத் தவணை முடிவதற்குள் அவருடைய பாவாடை இடுப்பில் இறுகிப் போனதாக ஷாமிலா வந்து சொன்னாள். பின்னேரங்களில் அம்மாக்கண்ணுவின் லயத்துக் காம்பராவிலேயே கணக்கு வகுப்பு நடந்தது.

ஆனாலும் விடுமுறைக்கு ஹட்டன் போனவர் திரும்பி வருவார் என்று யாரும் நம்பவில்லை. எழுதிக் கொடுத்த டிரான்ஸ்பர் இருக்கிறதே. "வருவாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. ஆனால் தவணை தொடங்கும் நாளில் கொழுந்துக் கூடையோடு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு ஷாமிலா. எதற்கும் இருக்கட்டும் என்று மாயாண்டி கையில் ஒரு மாலை.

பஸ் வந்தது. முதலில் ஒரு மெத்தை இறங்கியது, பிறகு ஒரு ரைஸ் குக்கர், அதற்குப் பிறகு டீச்சர்.

"டிரான்ஸ்பர் வேணாம்னு சொல்லிட்டேங்க அக்கா" என்றார். மாயாண்டி மாலையைத் தூக்கியதும் விலகிக்கொண்டார். "அதக் கோயிலுக்குக் குடுங்க. ரொட்டி இருக்கா அக்கா? பசிக்குது."

அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெத்தையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"இருக்கு. நான் சுடுறதுக்குள்ள இவளுக்கு ரெண்டு கணக்குச் சொல்லிக் குடுங்க."