அவர் கையில் பிடித்திருந்த ரத்தம்

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை எனக்கு. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்த வாரம் அது. பஸ் கிடையாது, கரண்ட்டும் கிடையாது. மூன்று நாளாக ஒரே சட்டை. தெரிந்தவர் ஒருவருடைய மொபெட்டில் வயல் வழியாகப் புகுந்து சங்கராபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தேன். எரிச்சலென்றால் அப்படி ஒரு எரிச்சல்.

அந்த நேரம் பார்த்து வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மலையிலிருந்து கட்டிலோடு தூக்கி இறக்கி, அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். முள் குத்தித் தொடையெல்லாம் பழுத்திருந்தது. காய்ச்சல் அனலாய் அடித்தது, பேச்சு குளறியது. கூட வந்தவர் அவளுடைய புருஷன்.

"சீழைக் கீறி எடுக்கணும். அதுக்கு முன்னாடி ரத்தம் ஒறையற நேரம் பாத்துக் குடுத்துட்டுப் போய்யா" என்றார் டாக்டர்.

பெரிய வேலையில்லை. கண்ணாடி டியூபில் ரத்தத்தை எடுத்து, உடம்புச் சூட்டிலுள்ள தண்ணீரில் வைத்து, அவ்வப்போது சாய்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் கெட்டியாகிறதோ அதைச் சீட்டில் எழுத வேண்டும். கரண்ட் இல்லாததால் வெந்நீர் இல்லை. கைச்சூடே போதும் என்று டியூபைப் புருஷன் கைக்குள் வைத்து மூடினேன். "ஆட்டாம புடி. அப்பப்ப சாச்சிப் பாரு, கெட்டியானா கூப்புடு" என்று சொல்லிவிட்டு என் பையைக் கட்டப் போனேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். "சார், இன்னும் தண்ணியாட்டமே இருக்குதுங்க" என்றார்.

"உனக்கு இன்னாய்யா தெரியும்? சும்மா புடிச்சிக்கினு நில்லு!"

எட்டிக்கூடப் பார்க்கவில்லை நான். வெளியே மொபெட் ஹாரன் அடித்தது. சீட்டில் ஆறு நிமிடம் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஐந்து, ஆறு என்றுதானே வருகிறது! நான் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்ததும் என் கண்ணில் பட்டது. பாவி, பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஏரிக்கரையில் புதிதாக ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. போக வழியில்லாமல் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். சீட்டை நம்பி டாக்டர் கீறியிருந்தார். இரண்டு கையாலும் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், ரத்தம் நிற்கவில்லை. பல் ஈறிலிருந்தும் கசிந்தது. புருஷன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சிய்யா. உள்ளுக்குள்ள பொடி ரத்தக்குழாய்லல்லாம் ரத்தம் ஒறைஞ்சி ஒறைஞ்சி, ஒறைய வைக்கிற சரக்கே தீந்துபோச்சி. தெரிஞ்சிருந்தா மொதல்ல ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணாம கத்தியே வெச்சிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு நிமிஷம்தானா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

"அப்போ அதுக்கப்புறம்தான் மோசமாயிருக்கணும்" என்று நான் தப்பிக்க அவரே வழியும் விட்டுவிட்டார். விழுப்புரம் போய் ரத்தம் வாங்கிவர ரோடு இல்லை. பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். ரத்தம் ஏற்றியிருந்தாலும் பிழைத்திருப்பாளா, தெரியாது. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

வராந்தாவில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். டியூப் இன்னும் கைக்குள்தான் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சார், நீங்க சொன்னாப்பலதான் புடிச்சிக்கினு இருந்தேங்க. நடுவுல ஒருவாட்டி அவ கூப்டாளேன்னு ஓடிப்போயிட்டேங்க. அதுல ஆடிப்போச்சிங்களா? அதனாலதான் ஒறையலீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையில் டாக்டர் இருந்தார், அவர் காதில் விழுந்தால் நான் எழுதிய ஆறு நிமிடம் பொய் என்று தெரிந்துவிடும்.

"இருக்கும்" என்றேன்.