எண்ணூறு மேற்கோள்களும் ஒரு தகர டின்னும்

எங்கள் கல்கத்தா ஆய்வுக்கூடத்திலேயே அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரை கேயா ஷிக்தாருடையது. எங்களுக்கெல்லாம் அவர் கேயாதி, அதாவது கேயா அக்கா. மேற்கோள், எங்கள் வாயில் சைட்டேஷன். உலகத்தில் எவனாவது தன் கட்டுரையின் வாலில் நம் பெயரைப் போட்டால் கணக்கில் ஒன்று ஏறும். 'இவர் சொன்னது அருமை' என்று போட்டாலும் ஒன்றுதான், 'இவர் சொன்னபடி எங்களுக்கு வரவில்லை' என்று போட்டாலும் ஒன்றுதான். கேயாதியின் எண்ணூற்றுச் சொச்சத்தில் பாதிக்கு மேல் இரண்டாவது ரகம். அவற்றைப் படித்துப் பார்த்தது அவரும் பக்கத்து அறைக்காரனான நானும் மட்டும். இயக்குநர் அமிய ஹால்தார் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பூரித்துப்போவார்.

ரோகு மீனின் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. பாகல் விதைச் சாறு பட்டால் அது துள்ளி எழுந்து வேலை செய்யும் என்பதுதான் கட்டுரை. கேயாதி இளம்வயதில் எழுதியது. அதை வைத்துத்தான் பேராசிரியர் பதவி வந்தது, விருது வந்தது, தனி அறை வந்தது.

பிறகு திப்யேந்து மண்டல் என்ற மாணவன் வந்தான். அவன் கையில் அந்த நொதி ஒரு நாளும் துள்ளவில்லை. வருஷக்கணக்கில் முட்டிப் பார்த்தான். கடைசியில் கேயாதி சொன்னார்: "உனக்குக் கை வரல, திப்யேந்து." எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. அவன் பாராசாத்தில் அப்பாவின் மருந்துக்கடைக்குத் திரும்பிப் போனான்.

மூன்று கோடைக்கு முன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த, துத்தநாகம் பூசிய பழைய தகர டின்னை எடுத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அன்று நொதி துள்ளியது. கேயாதி சாறே விடாமல் வெறும் டின் தண்ணீரை விட்டுப் பார்த்தார். அப்போதும் துள்ளியது. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"சோமக், பாகல் விதை இல்லடா. டின்னு."

"என்ன டின்னு?"

"துத்தநாகம். அதுதான் நொதிய எழுப்புது. கட்டுரை எழுதினப்ப சாறு கரைக்க டின் தண்ணி, சாறு இல்லாத குழாய்க்குக் கண்ணாடி பாட்டில் தண்ணி. திப்யேந்து வந்தப்ப எல்லாமே பிளாஸ்டிக் கேன் ஆயிடுச்சு."

பால்காரன் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஹால்தாரிடம் போனோம். "கட்டுரைய வாபஸ் வாங்கப் போறியா? இப்பவா? மதிப்பீட்டுக் குழு வர்ற நேரத்துல? கொஞ்ச நாளைக்கு வாயில ரசகுல்லா வச்சு மூடிக்கோ கேயா" என்றார். கேயாதி சரி என்று தலையாட்டினார். குழு வந்தது, போனது. அடுத்தாற்போல் தரவரிசை வந்தது. அதற்கும் தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் பாட்டுக்கு பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, பொரி கொறித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம்தான், யாரையும் கேட்காமல், கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதினார். அச்சிலும் வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் ஏறிக்கொண்டே இருந்தது. இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை நான் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. உன் கை சரியாகத்தான் இருந்தது என்று திப்யேந்துவிடம் நேரில் சொல்ல வேண்டும். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பாராசாத்துக்கு ரயில் ஏறினார்.

திப்யேந்து குரங்குக் குல்லாவும் சால்வையுமாகக் கடையில் நின்றான். எங்களைக் கண்டதும் மண்குவளையில் டீ வாங்கிவந்து கொடுத்தான். கேயாதி டீயைத் தொடவில்லை.

"உன் கையில ஒரு கோளாறும் இல்ல, திப்யேந்து. கோளாறு என் தண்ணியில" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப எனக்கும் ஒரு சைட்டேஷன் உண்டா?"

நானும் சிரித்தேன். அப்பாடா, ஒருவழியாக முடிந்தது என்றிருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது கேயாதி?"

போன மாசம் என்று ஒரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"மூணு வருஷமாச்சு" என்றார்.

அவன் மாத்திரை அட்டையையும் கத்தரியையும் கீழே வைத்தான். "அப்பா போனது போன வருஷம், துர்கா பூஜைக்கு முன்னாடி. இதே கல்லாவுல உக்காந்துகிட்டு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு, 'பையன் பெரிய ஆராய்ச்சிக்குத்தான் போனான், கை வரலன்னு அனுப்பிட்டாங்க'ன்னு. கோபமா சொல்ல மாட்டாரு. எனக்குப் பரிஞ்சுதான் சொல்லுவாரு."

யாரோ வந்து வாயு மாத்திரை கேட்டார்கள். வெட்டிக் கொடுத்தான்.

"அவர்கிட்ட நான் சொல்லியிருக்கலாம்" என்றார் கேயாதி.

"ஆமா" என்றான் திப்யேந்து.