மேஸ்திரி முன்னால் கேட்ட கேள்வி

அந்தமானில், பெரார்கஞ்ச் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், காட்டில் மரம் வெட்டும் கூலிகள் தனியாக டாக்டரிடம் வந்ததே இல்லை. கேம்ப் மேஸ்திரிதான் ஐந்தாறு பேராகச் சேர்த்து லாரியில் கொண்டுவருவான். கொண்டுவந்துவிட்டு அவனும் டாக்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நிற்பான். எங்கள் டாக்டர் கல்கத்தாக்காரர். தங்கமான மனுஷர், ஆனால் வெண்கலக் குரல். "தாரு பீத்தா ஹை?" என்று வராந்தாவுக்கே கேட்கும்படி கேட்பார். குடிப்பதில்லை என்று அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். வாடை என் மூக்கைத் துளைக்கும்.

"மேஸ்திரியை வெளியே அனுப்பிட்டுக் கேளுங்க சாப்" என்று ஹிந்தியில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேம்பில் சாராயம் விற்பவனே அந்த மேஸ்திரிதான். ஆனாலும் டிஸ்பென்சரியில் ஒருவன் குடிகாரன் என்று பெயர் வாங்கிவிட்டால், காண்ட்ராக்டர் அவனை அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு ஏற்றிவிடுவார். டாக்டருக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. நோயாளி டாக்டரிடம் ஏன் பொய் சொல்லப்போகிறான் என்பார். நல்லவர்களோடு மாரடிப்பதுதான் பெரும்பாடு!

ஒரு மழைக்காலத்தில் ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் காலில் கோடாலி பட்டு வந்து படுத்தான். அவனும் குடிப்பதில்லை என்றான். மறுநாள் உடம்பு தூக்கிப் போட்டது. எங்கள் தீவில் எவன் நடுங்கினாலும் மலேரியாதான். டாக்டர் அதற்கே மருந்து கொடுத்தார். அதற்கடுத்த நாள், எறும்பு ஊர்கிறது என்று வெறும் சுவரைத் தட்டித் தட்டி அலறினான். துணைக்கு இருந்த அவன் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அன்றைய லாரியில் வந்து நின்ற மேஸ்திரியையே பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனேன்.

"மறைக்காம சொல்லு. குடிப்பானா?"

"காலையில ஊத்திக்கலேன்னா கை நிக்காதுக்கா. சொல்லிப்புடாதீக, கப்பல்ல ஏத்திருவாக. ஊர்ல எங்களுக்குக் குந்தக் குடிசைகூட இல்ல."

"இப்படியே விட்டா செத்துப்போயிருவான்டி! சொல்லட்டுமா, வேண்டாமா?"

குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

குடி திடீரென்று நின்றதால் வந்த நடுக்கம் என்று நான் சொல்லித் தெரிந்ததும் டாக்டர் மருந்தை மாற்றினார். ஊசி போட்டுத் தூங்கவைத்து, வீட்டுக்கும் போகாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவன் பிழைத்தான். தெளிந்ததும், "இத எப்படி விடுறதுன்னு சொல்லிக் குடுங்க சாப்" என்று அவனே கேட்டான். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் அப்படியே ஆத்திரமாக மாறி, வராந்தாவில் நின்ற மேஸ்திரி மேல் பாய்ந்தது. "நீ விற்ற சாராயம்தான் இவனைக் கொல்லப் பார்த்தது!" என்று ஹிந்தியில் கத்தினார். லாரியில் வந்த எல்லோருக்கும் கேட்டது. ஐயோ, வாயை மூடுங்க சாப் என்று நான் பதறி ஓடினேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

அவனைக் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் காண்ட்ராக்டரிடம் போய்க் கெஞ்சினார். பலிக்கவில்லை. அதன்பிறகுதான் அறைக்குத் திரை மாட்டினார், மேஸ்திரியை வெளியே நிறுத்தினார், மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்.

மெட்ராஸ் கப்பல் புறப்பட்ட அன்று, டாக்டர் தந்த மருந்துகளோடு போர்ட் பிளேர் ஜெட்டிக்குப் போனேன். அவன் கட்டுப்போட்ட காலை நீட்டி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அவள் மருந்தை வாங்கிக்கொண்டாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் திரைக்குப் பின்னால்தான் கேட்போம், யாருக்கும் இப்படி ஆகாது என்று ஏதேதோ உளறினேன்.

"பொம்பளைககிட்ட மட்டும் கேக்காதீகக்கா," என்றாள். "புருசன் செத்துருவான்னா, அவளும் சொல்லிப்புடுவா."