எலும்பு நல்லாத்தான் கீது

எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டி என்றால் ஆண்களுக்குக் கோப்பையும் ரொக்கமும், பெண்களுக்குப் பாத்திரம். ஜெயித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம், தோற்றால் ஆளுக்கொரு தூக்கு. பெண் எப்படியும் கட்டிக்கொண்டு போகப் போகிறவள், பாத்திரமாகக் கொடுத்தால் உதவும் என்று எவனோ யோசித்திருக்கிறான். நான் ஆடிய ஒன்பது வருஷத்தில் ஒரு கோப்பையைக்கூட யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

வீடு முள்ளிப்பட்டில். தறி எங்களுடையது, பட்டு முதலாளியுடையது. அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே செத்துப் போனார். அம்மா காலையில் தறிக்குழியில் இறங்கினால் மத்தியானம் வரை நெய்வாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இறங்குவேன். ஆரணியில் மிஷன் பள்ளிக்கூடம். அங்கேதான் கபடி பழகினேன். முதலில் ஆடப் போனபோது அம்மா அடித்தாள், கையில் கிடைத்ததை எடுத்து அடித்தாள். முதல் குடம் வந்தது. அதைச் சாம்பல் போட்டு விளக்கி, பெட்டிமேல் வைத்து, மறுவாரம் கேட்டாள்.

"அடுத்த மேட்சு எப்போடி?"

அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஆரணியில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். கிளப் செயலாளர் துணிக்கடைக்காரர், நாங்கள் அண்ணே என்போம். எமர்ஜென்சி முடிந்த சமயம் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். மெட்ராஸில் ஒரு சர்க்கார் ஆபீஸ் பெண்கள் அணி சேர்க்கப் போகிறது. ஊர் ஊராக வந்து ஆள் எடுப்பார்கள். எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தபிறகும் வேலை உண்டு, சாகும்வரை சம்பளம் உண்டு.

"கார்னர் பிடிக்க ஆளு இல்லன்னு அலையறாங்க. நீ இப்படியே ஆடிகினு இரு. தூக்கினு போய்டுவாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் கார்னர்தான். பாடி வருகிறவள் காலைப் பிடித்து இழுத்துப் போடுவது என் வேலை. அன்றிலிருந்து அந்த உத்தியோகத்தைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை. குழியை விட்டு ஏற வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கபடிமேல் ஆசை இருந்ததா என்று கேட்டால் இருந்தது. அந்த நாற்காலிமேல் அதைவிட அதிகம்.

கால் பிடிக்கிறவளுக்கு முதலில் போவது விரல். வலதுகை மோதிர விரல் ஒரு ஆட்டத்தில் பின்பக்கமாக மடங்கியது. அம்மாவுக்கு விரலைப் பற்றிக் கவலை இல்லை, தறியில் பாவு நூல் அறுந்தால் யார் பிணைப்பது என்றுதான் கவலை. "ஒரு வாரம் ஒழுங்கா இருக்கமாட்டியா, சனியனே" என்றாள். அந்த விரல் இன்றுவரை நிமிரவில்லை. அடுத்த வருஷம் கழுத்தெலும்பு. அது உண்மையிலேயே ஒடிந்தது, எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. கட்டுக்காரர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவிக் கட்டினார். ஒன்றரை மாதம் அந்த நாற்றத்தோடு படுத்திருந்தேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். செயலாளர் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார். ஒடிந்தது எலும்பு அல்லவா, அதற்கு மரியாதை இருந்தது.

முழங்கால் போனபோது யாரும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் பயிற்சியில் நடந்தது. பிடித்த பிடியை விடாமல் திரும்பினேன், என் இடது கால்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். கால் மண்ணில் நின்றது, நான் மட்டும் திரும்பினேன். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேலே விழுந்தவளுக்கும் கேட்டதாம். ராத்திரிக்குள் முட்டி பறங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அதே கட்டுக்காரர் வந்தார். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "எலும்பு நல்லாத்தான் கீது. ரத்தம் கட்டிக்கினு கீது, எண்ணெ போட்டு உருவு, சரியாப் பூடும்" என்றார். செயலாளருக்கு அது போதவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கவைத்தார். அங்கே ஒருவர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்து, "ஃப்ராக்சர் இல்லை, போகலாம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தப் படம்.

செயலாளர் அதைப் பழுப்புக் கவரில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து நான் ஆட இறங்கினேன். இரண்டாவது ஆட்டத்திலேயே முட்டி விலகியது. சைக்கிள் செயின் கழன்று கொள்வது போல, நின்ற இடத்திலேயே கால் என்னுடையது இல்லாமல் போய்விடும். எங்கள் அணிக் கேப்டன் அக்கா ஓடிவந்து காலைப் பிடித்து நீட்டி ஒரு இழுப்பு இழுத்தால் திரும்பச் சேரும். யாராவது வாயைத் திறந்தால் செயலாளர் கவரைத் திறப்பார். "தா பாருங்கோ, ஆஸ்பத்திரி படம். எலும்பு கல்லு மாரி கீது." வெயிலில் தூக்கிப் பிடிப்பார். போட்டி நடத்துகிறவர்கள், எதிர் அணிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் முழங்கால் எலும்பைப் பார்த்திருக்கிறார்கள்.

நானும் நம்பினேன். எலும்பு ஒடியாதபோது என்ன காயம்? வலித்தால் என் உடம்பில் தெம்பு இல்லை, மனசில் பயம் என்று நினைத்துக்கொண்டேன். கேப்டன் அக்கா சைக்கிள் டியூபை அறுத்து முட்டிக்கு ஒரு வளையம் செய்து கொடுத்தாள். அதை இறுக்கி மாட்டி, மேலே முட்டியை மூடித் தொங்கும் நீல டிராயர் போட்டால் வெளியே தெரியாது. அப்படியே இரண்டு வருஷம் ஆடினேன். எத்தனை தடவை விலகியது என்று கேட்டால் ஏழோ எட்டோ. ஆட்டத்தில் மட்டும் இல்லை. குழியிலிருந்து ஏறும்போது ஒரு தடவை, பஸ் படியில் ஒரு தடவை.

நாங்கள் கிறிஸ்தவர்கள், கோயிலில்தான் பெரிய அவமானம். நற்கருணைக்கு முழங்கால்படியிட வேண்டும். எனக்கு மடக்க முடியவில்லை, மடக்கினால் எழ முடியவில்லை. பீடத்துக் கம்பி ஓரமாக நின்றபடியே வாங்கினேன். பின்னால் இருந்த பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"ஆட்டக்காரியாச்சே, ஆண்டவருக்கு முன்னாலயும் நிமிந்துதான் நிப்பா."

"டிராயர் போட்டுகினு ஆடறவளுக்கு முட்டி எப்படி மடங்கும்?"

அம்மா திரும்பி, "என் பொண்ணு எலும்பு நல்லா கீதுடி, உன் வாய்தான் கோணிக்கினு கீது" என்று கோயிலுக்குள்ளேயே கத்தினாள். எனக்காகப் பேசினாள் என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவளும் படத்தைத்தான் நம்பினாள்.

அதே வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு நடந்து வந்த நடையைப் பார்த்துப் பையனின் அப்பா, "கால்ல எதுனா கொறையா?" என்று கேட்டார். அம்மா செயலாளரிடம் முன்பே இரவல் வாங்கி வைத்திருந்த எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினாள். அவர் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாக. "நல்லாத்தான் கீது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர்கள் வரவில்லை. எனக்கு வருத்தமில்லை, மெட்ராஸ் ஆபீஸ்காரர்கள் வரப்போகிற செய்தி அப்போது வந்துவிட்டது.

எண்பது வாக்கில் அது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலேயே தேர்வு. எங்கள் கிளப்பிலிருந்து ஒரு கார்னரை எடுப்பார்கள் என்று செயலாளர் விசாரித்து வந்து சொன்னார். எனக்கு மூன்று வாரம் இருந்தது. கேப்டன் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மூணு வாரமும் படுத்துகினு இரு. பயிற்சிக்குக்கூட வராத. அன்னிக்கு ஒரு நாள் நின்னாப் போதும்."

சரி என்றேன். இரண்டு வாரம் இருந்தேன். முட்டி வீக்கம் நன்றாக வடிந்திருந்தது, படி ஏற முடிந்தது. தேர்வுக்கு ஏழு நாள் முன்பு செயலாளர் வீட்டுக்கு வந்தார். பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழாப் போட்டி, வருவதாக ஊர்ப் பெரியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கார்னருக்கு நான் வேண்டும்.

"அடுத்த ஞாயித்துக்கெழம தேர்வு கீதுங்களே அண்ணே" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். நீ வரலன்னா கால் போயிடுச்சின்னு ஊரு பூரா பேசுவான். அது மெட்ராஸ்காரன் காதுல விழுந்தா? ஒரே ஒரு ஆட்டம். ஜல்தியா முடிச்சிகினு வந்துடலாம்."

அம்மா குழியிலிருந்தே கேட்டாள். "பரிசு இன்னாங்க?"

"சிறந்த ஆட்டக்காரிக்கு அண்டா. பெரிய அண்டா, அம்பது பேருக்கு சோறு வடிக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நெய்துகொண்டிருந்த தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். "போய்ட்டு வாயேன்டி. எலும்பு நல்லாத்தானே கீது."

அவர்கள் இரண்டு பேர்மேலும் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. ஆனால் நான் குழந்தை இல்லை, இருபத்திரண்டு வயசு. முடியாது என்று சொல்லியிருக்கலாம். பயம். வராவிட்டால் கால் போய்விட்டது என்று நினைப்பார்கள் என்ற பயத்தில் காலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறுவடை முடிந்த கழனி, காய்ந்து வெடித்துக் கிடந்தது. அடிக்கட்டைகளைச் சரியாக எடுக்கவில்லை. கேப்டன் அக்கா என்னிடம் பேசவே இல்லை. அரையிறுதியில் ஐந்து பேரைப் பிடித்தேன். இறுதி ஆட்டத்தில் பாதி தாண்டியபின் ஒரு கனமான பெண் என்னைத் தாண்டிக் கோட்டுக்கு ஓடப் பார்த்தாள். கணுக்காலைப் பிடித்தேன். அவள் விழுந்தாள், நானும் விழுந்தேன், முட்டி விலகியது. அக்கா வந்து இழுத்தாள். சேரவில்லை. மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை சேர்ந்தபோது நான் மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே வாயில் மண் இருந்தது.

"போதும், வெளிய போ" என்றாள் அக்கா.

போகவில்லை. ஒரு காலில் நின்று மிச்ச ஆட்டத்தை முடித்தேன். அண்டா கிடைத்தது. வேனில் கால் நீட்ட இடமில்லாமல் அண்டா அடைத்துக்கொண்டது. அதன் விளிம்பில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. டியூப் வளையத்தை இரண்டாக மாட்டினேன். மெட்ராஸிலிருந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும், புடவை, கழுத்தில் விசில். என் ஆட்டத்தைப் பத்து நிமிஷம் பார்த்தார். இரண்டு பேரைப் பிடித்தேன், நன்றாகவே பிடித்தேன். பிறகு என்னைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டார்.

"உட்காரு. காலை மடக்கிப் பாதத்தை ஊனு."

டியூபைக் கழற்றச் சொன்னார். என் பாதத்தின்மேல் அவர் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். முட்டிக்குக் கீழே இருந்த கால் மேஜை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நானே பார்த்தேன். வலதுகாலை இழுத்தார், அது அசையவில்லை.

"எத்தனை தடவைம்மா விலகுச்சு?"

"ஒரு தடவையும் இல்லங்க."

அதற்குள் செயலாளர் கவரோடு ஓடி வந்துவிட்டார். "மேடம், படம் கீதுங்க, ஆஸ்பத்திரி படம், எலும்புல ஒரு கீறல்கூட..."

அந்த அம்மா படத்தை வாங்கக்கூட இல்லை. "இதுல எலும்புதான் சார் தெரியும். இவளுக்கு உள்ளே இருக்கற நாரு அறுந்து போயிருக்கு. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாள் ஆச்சு. இதோட எப்படி ஆட விட்டீங்க?"

செயலாளர் என்னைப் பார்த்தார், நான்தான் அவரை ஏமாற்றிவிட்டது போல.

"ஆபரேஷன் பண்ணா சரியாப் பூடுங்களா?" என்று கேட்டேன்.

"பம்பாய்ல யாரோ பண்றாங்கன்னு கேள்வி. எனக்கும் இதே மாதிரிதான் போச்சு. அதோட நான் ஆடல."

"போன வாரம் ஆடாம இருந்திருந்தா?"

"வீக்கம் இல்லாம இருந்திருந்தா நான் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பொய் சொல்லத் தெரியாத பொம்பளை.

பத்து வினாடி ஆகியிருக்கும் அவர் இழுத்துப் பார்க்க. ஊசி இல்லை, மருந்து இல்லை, மிஷின் இல்லை. இரண்டு கை. இந்தப் பத்து வினாடி வேலையைச் செய்ய இரண்டு வருஷத்தில் ஆரணியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

என் இடத்தில் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தியை இறக்கினார்கள். எங்கள் கிளப்தான், என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். நான் கோட்டுக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். அவள் முதல் பிடியைத் தவறவிட்டாள். அடுத்ததைப் பிடித்தாள். அதற்கு அடுத்ததில் பாடி வந்தவளோடு சேர்ந்து இன்னும் மூன்று பேர் அவள்மேல் விழுந்தார்கள். புழுதி எழும்பியது. இவள் எழக்கூடாது, கால் உடைய வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். சும்மா தோன்றவில்லை, கண்ணை மூடி, வார்த்தையாகச் சொல்லிக் கேட்டேன்.

எழுந்துவிட்டாள். டிராயரில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். என்னைப் பார்த்து, "அக்கா, புடி சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இடுப்ப இன்னும் எறக்கு" என்றேன்.

இறக்கினாள். அடுத்து வந்தவளையும் பிடித்தாள். மறுமாதம் அவளுக்கு ஆர்டர் வந்தது.