சந்தனம் வெச்ச லேப்டாப்

எங்க அப்பாவை என்ன சொல்லித் திட்டுறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. கெடுதல் செஞ்சவங்கன்னா திட்டலாம். பூஜை செஞ்சவரை எப்படித் திட்டுறது?

அவர் மைன்ஸ்ல கன்வேயர் பார்க்கிறவர். ஆயுத பூஜை வந்துட்டா அங்க மெஷினையெல்லாம் ஹோஸ் பிடிச்சுக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்காய் உடைப்பாங்க. யானை மாதிரி மெஷின், அதுக்கு என்ன ஆகப்போகுது? லீவு முடிஞ்சா பழையபடி ஓடும். அதே கையோட குவார்ட்டர்ஸுக்கு வந்து மிக்ஸி, ஸ்கூட்டர், அரிவாள்மணைன்னு எல்லாத்துக்கும் பொட்டு வெப்பார். போன வருஷம் நான் பூ வாங்கப் போயிருந்த நேரத்துல என் லேப்டாப்பையும் எடுத்து, சொட்டச் சொட்ட ஈரத்துணியால துடைச்சு, கரைச்ச சந்தனத்தைக் கீபோர்டு முழுக்க வெச்சு, செம்புத் தண்ணியையும் தெளிச்சுட்டார். மிக்ஸிக்கு ஒரே ஒரு பொட்டுதான். இதுக்கு மட்டும் தாராளம். ஏன்னா அதுக்குள்ளதான் அம்மா இருந்தாங்க.

அம்மா செத்தப்புறம் எங்களுக்கு மிஞ்சினது ஒரே ஒரு வீடியோ. பின்கட்டுல உட்கார்ந்து, கையில எண்ணெய் தடவிக்கிட்டு பலாப்பழம் அறுத்துக்கிட்டிருப்பாங்க. அப்பா போட்டோ எடுக்கிறதா நினைச்சு வீடியோவை அமுக்கிட்டார். "போதும்ங்க, போனைக் கீழ வெச்சுட்டு வந்து சுளையை எடுங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்குவாங்க. அவ்வளவுதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து, சட்டையைக்கூடக் கழட்டாம, "அதைக் கொஞ்சம் போடும்மா"ம்பார். போடுவேன். பார்த்துட்டுத்தான் குளிக்கப் போவார்.

பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. நானும் தொடலை. சந்தனம் உள்ளே இறங்க ஒரு ராத்திரி போதாதா?

காலையில ஆன் பண்ணினா விளக்கு எரியுது. கம்பெனி முத்திரை வருது. புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, பொசுக்குனு அணையுது. மறுபடியும் தானே எரியுது, தானே அணையுது. சார்ஜரைப் பிடுங்கிட்டு பட்டனை அமுக்கிப் பிடின்னு போன்ல ஒருத்தர் சொன்னார், பிடிச்சேன். அரிசி டப்பாவுல புதைச்சு வைன்னாங்க பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா. வெச்சேன். எடுத்தப்போ ஓட்டையெல்லாம் அரிசிக் குருணை, அதை ஊசியால நோண்டிக்கிட்டே அழுதேன். கடைசியா ஒரு தடவை நீலத் திரை வந்துச்சு. என்னமோ சரி பண்றேன்னு எழுத்து ஓடிச்சு. சாமி வந்துட்ட மாதிரி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வர்றதுக்குள்ள அதுவும் கருத்துப் போச்சு. அப்புறம் விளக்குகூட எரியலை.

பஜார்ல ரிப்பேர் கடை வெச்சிருக்கிறவர் காடாம்புலியூர்க்காரர். பிரிச்சுப் பார்த்துட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். "போர்டு பூட்ச்சிக்கா. உள்ள பூரா பச்சையா பூத்துக்கினு இருக்குது."

"போர்டு போனா போகட்டும். உள்ளே இருக்கிற வீடியோவை மட்டும் எடுத்துக் கொடுங்க."

"இந்த மாடல்ல டிஸ்க்கு தனியா இல்லக்கா. போர்டுலயே ஒட்டிக்கினு வருது. அதான் வெந்துபோச்சே."

பாண்டிச்சேரிக்கு அனுப்பிப் பார்த்தோம். மெட்ராஸுக்கும் போயிட்டு வந்துச்சு. எல்லாரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினாங்க. வர்றவங்க போறவங்க எல்லாம், "வேற காப்பி எடுத்து வெக்கலையா?"ன்னு கேட்டாங்க. எடுத்து வெச்சிருந்தா நான் ஏன்யா இப்படி ஒப்பாரி வெக்கிறேன்? அந்த வீடியோ எடுத்த போன் அம்மாவுக்கு முன்னாடியே செத்துப்போச்சு.

அப்பா இப்போல்லாம் ஷிப்ட் முடிஞ்சு நேரா குளிக்கப் போயிடறார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரே பீரோவிலிருந்து அந்தச் செத்த லேப்டாப்பை எடுத்துட்டு வந்தார். காஞ்ச துணியால துடைச்சார். சந்தனம் வெக்கலை, தண்ணி தெளிக்கலை. ஒரு செவ்வந்திப் பூவைக்கூட அது மேல வெக்காம, கொஞ்சம் தள்ளி வெச்சார். கற்பூரத்தட்டைத் தூரத்திலேயே காட்டினார். மறுநாள் காலையில, "ஒரு தடவை அமுக்கிப் பாரேம்மா"ன்னார்.

கோவம் தலைக்கு ஏறிச்சு. ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு முடியாதுன்னு எப்படிச் சொல்றது? சார்ஜரை மாட்டி அமுக்கினேன். ஒண்ணுமில்லை.

"கடைசியில சிரிப்பாளே, அதை மட்டும் பார்த்தாப் போதும்"னார்.

"சிரிக்க மாட்டாங்கப்பா. சொல்லிட்டுத் திரும்பிக்குவாங்க."

"இல்லம்மா, சிரிச்சா. திரும்பறப்போ சிரிச்சா."

"நான் எத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்கேன்? சிரிக்கவே இல்லப்பா!"

முன்னெல்லாம் இப்படிச் சண்டை வந்தா ஒரு தடவை போட்டுப் பார்த்தா தீர்ந்துடும். ரெண்டு பேரும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா திரும்பறதை நான் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஓட்டினேன். சிரிச்சாங்களா, இல்லையா? சத்தியமா எனக்கும் தெரியலை.